வீரையனின் கோடித் துணி

தம்பிக்கு,

வியாழக்கிழமை உன் ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. கெட்டியான காகிதம், நல்ல அச்சு. அட்டையில் உன் பெயருக்கு மேலே, நம் கொட்டகையிலிருந்து நீ எடுத்துப்போன அந்தப் பழைய துணியின் படத்தைப் போட்டிருக்கிறாய். உள்ளே உன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். மேலே இருக்கும் வர்ணம் கைபட்டால் பொடியாக உதிர்கிறது, அந்தக் காலத்தில் எதைக் கலந்தீர்கள் என்று கேட்டிருந்தாய். ஒரு முகத்தின் வழியாக இன்னொரு முகம் தெரிகிற இந்த எஃபெக்டை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றும் கேட்டிருந்தாய். நீங்கள் பாதியில் விட்டதை நான் முடிக்கப்போகிறேன், ஓரங்களில் தங்கத்தாள் ஒட்டி மேலே வார்னிஷ் அடித்தால் கண்காட்சியில் நடுச்சுவர் இதற்குத்தான் என்று எழுதியிருந்தாய். எஃபெக்ட் என்ற சொல்லைப் படித்ததும் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.   உன்மேல் கோபமில்லை. அந்தச் சொல்லை உன் வாயில் போட்டவன் உன் அப்பன் நான், அதை நினைத்துத்தான் கவிழ்த்தேன்.

அன்றைக்கே போனில் கூப்பிட்டு, வார்னிஷ் மட்டும் அடிக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். முதலில் தொழில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பது வஜ்ஜிரப் பசை கலந்த பொடி வர்ணம், தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும். அதற்கு அடியில் சாக் பவுடரில் ஒரு வெள்ளைப் பூச்சு. அதற்கும் அடியில் எண்ணெய் வர்ணம். சாக் பவுடர் வார்னிஷைக் குடித்தால் வெள்ளையாக நிற்காது, பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி ஊடாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மேலே இருக்கும் முகம் போய்விடும், அடியில் இருக்கும் முகம் பளிச்சென்று வந்துவிடும். மேலே இருப்பவன் பெயர் வீரையன். அவனுடைய முகம் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை, ஒரு போட்டோகூடக் கிடையாது. அடியில் இருப்பவர் ஒரு மிராசுதார். அவருடைய ஆட்கள்தான் வீரையனை அடித்துக் கொன்றார்கள். நீ அடிக்கப்போகும் ஒரு கை வார்னிஷ் என்ன செய்யும் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். மற்றதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கழித்துப் போட்ட பொருளை எடுத்து நீ படம் செய்வதை நான் ஒருநாளும் மட்டமாகச் சொன்னதில்லை. உன் அம்மாதான் ஆரம்பத்தில் முணுமுணுத்தாள், காலேஜுக்கு அனுப்பியது குப்பை பொறுக்கவா என்று. டப்பாவின் வாயில் காய்ந்து தோலாகப் படிந்த பச்சை வர்ணத்தையெல்லாம் உரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு நாற்றங்கால் செய்தாயே, கும்பகோணத்தில் உங்கள் கல்லூரி விழாவில் அதன் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். காற்றடித்தால் அசையும் போலிருந்தது. முடி கொட்டிய தூரிகைகளைப் பலகையில் வரிசையாகக் குத்தி, அறுப்பு முடிந்த வயல் என்று காட்டியதும் நல்ல வேலை. உனக்குக் கண் இருக்கிறது. எனக்குக் கைதான் இருந்தது. ஆனால் பேட்டிகளில் நீ என்னைப் பற்றிப் பேசும்போது உடம்பெல்லாம் கூசுகிறது. கழிவைக் கலையாக்குவதை அப்பாவிடம்தான் கற்றேன், அவர் ஒரு முழம் துணியைக்கூட வீணாக்கமாட்டார் என்று சொல்லியிருக்கிறாய். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் அந்தப் பேட்டியை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு எழுந்து வந்து கைகொடுத்தார். அவர் போனபிறகு நான் கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

நான் வீணாக்காமல் இருந்த லட்சணத்தைக் கேள். அப்போது குத்தாலம் கடைத்தெருவில் எனக்குக் கடை. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம், நீ பிறக்கவில்லை. ஆட்சி மாறிப் புதுக் கட்சி வந்திருந்த காலம். வாரத்துக்கு ஒரு மந்திரி, ஒரு மாநாடு, ஒரு வெற்றி விழா. எல்லாவற்றுக்கும் தட்டி வேண்டும். சவுக்குச் சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணி அடித்தால் தட்டி. விழா முடிந்த மறுநாள் அதை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ரோட்டோரத்தில் சாய்ந்து கிடக்கும், ஆடு மேயும். நான் மாட்டுவண்டி வைத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி வருவேன். ஆணியைப் பிடுங்கித் துணியை உரித்து, தொட்டியில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, உன் அம்மா வாய்க்கால் படித்துறைக் கல்லில் அடித்து வெளுப்பாள். நேற்றுவரை வரவேற்கப்பட்டவரின் மூக்கும் வாயும் நீலமும் சிவப்புமாகத் தண்ணீரோடு போகும். அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் சோடாவில் வெடித்திருக்கும். சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாள். அதை நீயும் பார்த்திருக்கிறாய், அம்மா பட்டணத்துக்காரி மாதிரி சாப்பிடுகிறாள் என்று சிரித்திருக்கிறாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பொடி வர்ணத்தில் எழுதிய துணி என்றால் இப்படி வெளுத்துவிடலாம். எண்ணெய் வர்ணத்தில் எழுதியது வெளுக்காது. அதன்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி மறைத்துவிட்டு எழுத வேண்டும். அதுவும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் பூசினால் நிற்காது. கூரைக்குள் மாட்டுகிற தட்டிக்கு இதைச் செய்யலாம். மழையில் வெளியே போகிற தட்டிக்குச் செய்யவே கூடாது. தொழிலுக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் இது. எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று பின்னால் எங்கேயாவது நான் சொல்வதாக உனக்குத் தோன்றினால் நம்பாதே.

வீரையன் விவசாயக் கூலி. ஆற்றைத் தாண்டித் தெற்கே அவர்கள் தெரு. கோடையில் வயல் வேலை இல்லாத மாதங்களில் என் தட்டிகளுக்குக் குழி வெட்டி மூங்கில் நட வருவான். ஒல்லியான ஆள். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பேசும்போது அந்தப் புருவம் மட்டும் மேலே ஏறும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன். நான் எழுதும்போது பக்கத்தில் குந்தி, இது என்ன எழுத்து, இது என்ன எழுத்து என்று கேட்டுக் கேட்டே தன் பெயரை எழுதப் பழகிவிட்டான். அவனுக்கு நான் டீ கொடுத்தது எதில் தெரியுமா? கழுவிய வார்னிஷ் டப்பாவில். அவனுக்கென்று அது ஆணியில் தனியாகத் தொங்கும். அதற்கு நேர் எதிர்ச் சுவரில், சாதியை ஒழிப்போம் என்று ஆள் உயரத்துக்கு நான்தான் எழுதியிருந்தேன். சுழிகளெல்லாம் அழகாக விழுந்திருப்பதாகக் கட்சிக்காரர்கள் பாராட்டினார்கள். வீரையன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு டப்பாவை ஊதி ஊதிக் குடித்தான். எத்தனை கழுவினாலும் வார்னிஷ் வாடை போகாது. நான் ஒருதடவை முகர்ந்து பார்த்திருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு, அதிலேயே ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். எங்கள் பக்கம் முழுவதும் அப்போது அதே பேச்சு. தெருவுக்குத் தெரு சிவப்புக் கொடி, மிராசுதார்கள் ஒருபக்கம் கூடிப் பேசினார்கள், போலீஸ் வேன் வரப்புவரைக்கும் வந்தது. எங்கள் ஊர்ப் பெரிய மிராசுதார் கூட்டித் தர முடியாது என்று சொல்லிவிட்டு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். களத்துமேட்டில் தகராறு வந்தது. மிராசுதாரின் ஆட்கள் கம்பால் அடித்ததில் வீரையனுக்கு மண்டை பிளந்து, ஆஸ்பத்திரியில் மறுநாள் உயிர் போய்விட்டது. உடலை ஊருக்குக் கொண்டுவந்தால் கலவரமாகும் என்று போலீஸ்காரர்கள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் பெண்சாதி மாரியம்மாவுக்குக் கடைசியாக ஒருதடவை முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஒருவர் செத்தால் உறவுமுறைக்காரர்கள் புதுத் துணி எடுத்துவந்து உடல்மேல் போர்த்துகிற பழக்கம் உனக்குத் தெரியும், கோடி போடுவது. எவ்வளவு இல்லாதவனுக்கும் அந்த ஒரு துணி கிடைத்துவிடும். வீரையனுக்கு அது கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாரியம்மா என் கடைக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கூட விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் தெருவே சேர்ந்து வாங்கிய புதுக் காடாத் துணி ஒன்றை, மடிப்புக் கலையாமல், குழந்தையோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தாள். ஊர்வலம் போகப்போகிறோம், முன்னால் அவன் முகம் போக வேண்டும், போட்டோ எதுவும் கிடையாது, உங்களோடு வேலை பார்த்தவன், உங்களுக்கு அவன் முகம் தெரியும் என்று சங்கத்து ஆட்கள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். மாரியம்மா துணியை மேசைமேல் வைத்து, மேலாக ஒருதடவை தடவிவிட்டுச் சொன்னாள்.

"இதுதான் பெயிண்டரய்யா அவருக்கு நாங்க போடுற கோடி. இதுல அவரு மொகத்த எழுதிக் குடுத்துருங்க."

அதே வாரத்தில் ஒரு மந்திரி ஊருக்கு வருவதாக இருந்தது. ஐந்து தட்டி முடிந்திருந்தது, ஆறாவதுக்குத் துணி இல்லை. மாயவரத்துக்கு பஸ் ஏறிப் போனால் அரை நாளில் வாங்கிவந்துவிடலாம். தூறல் விழுந்துகொண்டிருந்தது, எனக்குச் சோம்பலாக இருந்தது. மேசையில் புதுத் துணி இருந்தது. மூலையில், ஆவணியில் நடந்த மிராசுதாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் எண்ணெய் வர்ணத்தில் எழுதிய தட்டி சாத்தியிருந்தது. விழா முடிந்ததும் அவர் வீட்டார் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தூக்கிப் போட்டிருந்ததை நான் பொறுக்கி வந்தது. நான் யோசித்தது இவ்வளவுதான். மந்திரி தட்டிக்குப் பழைய துணி போட்டால் அடியில் இருப்பது தெரியும், பெயர் கெட்டுவிடும். கூலிக்காரன் தட்டியைக் கிட்டே வந்து யார் பார்க்கப்போகிறார்கள்? இதற்கு மேல் ஒரு யோசனையும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. வீட்டில் அடுப்பு எரியாமல் இல்லை. மிராசுதாருக்கு நான் விசுவாசி என்றாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதுவும் கிடையாது, அவரையும் எனக்குப் பிடிக்காது. ஒரு மனுஷனுக்குத் தெருவே போட்ட கோடியை உருவி எடுத்ததற்கு, மழையில் பஸ் ஏறச் சோம்பல் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. சீ என்று வருகிறது.

கோடித் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து அதில் மந்திரியை எழுதினேன். எண்ணெய் வர்ணம், பளபளவென்று வந்தது. மிராசுதார்மேல் ஒரு கை வெள்ளை பூசி, உப்புத்தாள் போடக்கூடப் பொறுமையில்லாமல், அதன்மேல் வீரையனைப் பொடி வர்ணத்தில் எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதிய முகங்களிலேயே அதுதான் நல்ல முகம். எப்படி அமைந்தது என்று எனக்கே தெரியாது. புருவத்து வெட்டு, அந்தப் புருவம் ஏறி நிற்கிற விதம், இது என்ன எழுத்து என்று கேட்க வாயெடுத்த மாதிரி உதடு. எட்டி நின்று பார்த்துவிட்டு எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். துணியை மாற்றியதைவிட அந்தச் சபாஷை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் அதிக அருவருப்பாக இருக்கிறது. மாரியம்மா எடுத்துப்போக வந்தபோது அதைப் பார்த்து அழக்கூட இல்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்து, அப்பாவைப் பார், அப்பாவைப் பார் என்று இரண்டுதடவை சொன்னாள்.

மறுநாள் ஊர்வலம் ஆற்றுப் பாலம் தாண்டிக் கடைத்தெருவுக்குள் வரும்போது மழை பிடித்தது. ஐப்பசி மழை, கேட்க வேண்டுமா. நான் என் கடை வாசலில் நின்றிருந்தேன். முன்னால் நான்கு பேர் தட்டியைத் தூக்கி வந்தார்கள், பக்கத்தில் மாரியம்மா. முதலில் மீசை கரைந்து கன்னத்தில் ஓடியது. பிறகு நெற்றி வழிந்தது. நெற்றி போன இடத்தில் மிராசுதாரின் சந்தனப் பொட்டு வந்தது. காது கரைந்த இடத்தில் அவருடைய வைரக் கடுக்கன் வந்தது. வாயின் இடதுபக்கம் வீரையன், வலதுபக்கம் மிராசுதார் சிரிக்கிறார். தூக்கி வந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் பாட்டுக்குக் கோஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பார்த்தது கடைத்தெருதான். எதிரில் மளிகைக் கடையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மாரியம்மா திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், கோஷம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. தட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் ஆற்றில் எறிய வேண்டும் என்று ஒருவன் கத்தினான். மாரியம்மா விடவில்லை. தட்டியைக் கீழே இறக்கச் சொல்லி, தன் முந்தானையை எடுத்து அதன்மேல் போர்த்தி, மழை படாமல் நேராக என் கடைக்குள் கொண்டுவந்து சாத்தினாள். பிறகு குனிந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நெருடிப் பார்த்தாள்.

"என்ன துணி போட்டீங்க பெயிண்டரய்யா?"

"நீங்க குடுத்ததுதான். மழ பேஞ்சா எந்தத் துணியும் இப்படித்தான் ஆவும்."

"புதுத் துணிக்குக் கஞ்சி இருக்கும்யா. நனைஞ்சா பிசுபிசுன்னு கையில ஒட்டும். இதுல ஒட்டலியே."

நான் கண்ணை ரோட்டுப் பக்கம் திருப்பினேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மந்திரி தட்டிகள் ஆறும் வரிசையாக நின்றன. எண்ணெய் வர்ணத்தின்மேல் மழைத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு இறங்கியது, ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. அவள் அவற்றை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். நீங்களே வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு ஈர முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். கூட வந்தவர்களிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்று இருட்டுவதற்குள் தெரிந்துவிட்டது. சொல்லியிருந்தால் என் கடை அன்றைக்குத் தப்பியிருக்காது. நானோ, அவள் சொல்லவில்லையே என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் அம்மாவுக்கு ஒளிக்க முடியவில்லை. மேசையில் அவள் அந்தப் புதுத் துணியைப் பார்த்திருந்தாள், யார் கொண்டுவந்தார்கள் என்றும் தெரியும். வழக்கம்போல நான் தட்டியிலிருந்து துணியை உரிக்கப் போனபோது வந்து முன்னால் நின்றாள். இதைத் தன் தொட்டியில் போடக்கூடாது, செத்தவருடைய கோடியை எடுத்து யாருக்கோ போர்த்திவிட்டு வந்து நிற்கிறீர்கள், கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் வராதீர்கள் என்றாள். மார்கழிவரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தத் துணியை நான் பத்திரமாக வைத்திருந்ததற்கு மனசாட்சிதான் காரணம் என்று நீ எங்கேயாவது பேசிவிடாதே. ஏற்கெனவே இரண்டு பூச்சு ஏறிய துணி, மூன்றாவது நிற்காது. எதற்கும் உதவாது என்றுதான் கொட்டகைப் பரணில் போட்டேன்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது பரணில் ஏறி அதை விரித்துவிட்டாய். இது யாருப்பா இரண்டு பேர் என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு எஃபெக்டுக்காகப் போட்டுப் பார்த்தது என்று சொன்னேன். நீ வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அன்றைக்குத்தான் ஓவியனாக வேண்டும் என்று முடிவு செய்ததாக நீ பேட்டிக்குப் பேட்டி சொல்கிறாய். பிள்ளை தன்னை மாதிரி வர வேண்டும் என்று எந்த அப்பனுக்கும் ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. அதற்காக, கொலையுண்டவன் முகத்தை வித்தை என்று உனக்குக் காட்டியிருக்கிறேன். அந்தப் பேட்டிகளை வெட்டி எடுத்து ஒரு கோப்பில் வைத்திருந்தேன். இந்த வாரம் அதைத் தொடப் பிடிக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்தும் ஒன்று சொல்கிறேன். கழித்துப் போட்டது என்று எதையாவது கையில் எடுத்தால், யார் கழித்தது, அவர்களாகக் கழித்தார்களா, பிடுங்கப்பட்டதா என்று ஒருதடவை விசாரி. காய்ந்த வர்ணத் தோலுக்கு யாரும் வந்து உரிமை கேட்கப்போவதில்லை. உன் வேலைகளில் முக்கால்வாசி அப்படிப்பட்டதுதான், அதைத் தாராளமாகச் செய். ஆனால் முகம் இருக்கிற துணியை எடுத்தால் அந்த முகத்துக்கு ஆள் இருக்கிறதா என்று பார். காலத்தின் அடுக்குகள் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறாயாமே. காலம் ஒன்றும் பண்ணவில்லையடா. நான் பண்ணியது.

முதலில் இதை எரித்துவிடு என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எரித்தால் எனக்கு நிம்மதி. பாதி எழுதும்போது, என் நிம்மதிக்காக வீரையனை இன்னொருதடவை அழிக்கச் சொல்கிறேனே என்று தோன்றி அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கேட்க வேண்டிய இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை உன் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆற்றைத் தாண்டிப் போனேன். மாரியம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை, வசந்தா என்று பெயர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள், அவளுக்கே தலை நரைத்துவிட்டது. தெற்குத் தெருவில் ஓட்டு வீடு. முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டு வீட்டில் இருந்ததிலேயே நல்ல டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அதில் வாய் வைக்கத் துணியாமல், ஆறட்டும் என்று கீழே வைத்தேன். பிறகு வார்னிஷ் டப்பாவில் தொடங்கி, நீ எழுதிய துண்டுக் காகிதம்வரை, இந்தக் கடிதத்தில் இருக்கும் எதையும் விடாமல் அவளிடமும் சொன்னேன்.  கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், நான் கோடித் துணியைப் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் கை நின்றது.

எங்கள் தெரு சேர்ந்து வாங்கிய துணி அது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது என்றாள். உன் அப்பா மழையில் போய்விட்டார் என்றும் அம்மா சொல்லுமாம். விவரம் தெரிகிற வயதுவரை, அப்பா மழையில் அடித்துக்கொண்டு போய்ச் செத்தார் என்றுதான் அவள் நினைத்திருந்தாளாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் முறத்தைத் தட்டி அரிசியை ஒதுக்கினாள், நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அழைப்பிதழை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தாள். அட்டையில் அந்த முகம் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண், நினைவு தெரிந்து முதல்தடவையாகத் தன் அப்பாவைப் பார்க்கிறாள். அவளுடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த ஆள எடுத்துட்டு எங்கப்பாவ மட்டும் குடுக்க முடியுமாய்யா?"

இத்தனை வருஷம் தொழில் செய்தவன் நான். தெரிந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

"முடியாதும்மா. அவரு எண்ணெயில இருக்காரு, உங்கப்பா பொடியில இருக்காரு. எதால தொட்டாலும் உங்கப்பாதான் மொதல்ல போவாரு."

அவள் அழைப்பிதழிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே உலை கொதித்து மூடி தட்டியது, அதற்கும் போகவில்லை. அப்படியே நின்றபடி சொன்னாள்.

"அப்ப ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லுங்க. அப்படியே குடுக்கச் சொல்லுங்க. நான் எங்கப்பாவ மட்டும் பாத்துக்கிறேன்."

உங்கள் பிள்ளை என்றைக்குக் கொண்டுவருவார் என்று கேட்டாள். அதை நீதான் சொல்ல வேண்டும் என்பதால், கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா